நடுவுல எந்திரிச்சுப் போனவ

கமிட்டியில இருந்தா வாரிய? உக்காருங்க. ஜெபசிங் ஏன் வரல்ல? செக்ரட்டரின்னு பேரு போட்டுக்கிடுதான், நோட்டீஸ்ல போட்டோவும் போட்டுக்கிடுதான், எபநேசர் சார் வீட்டுக்குப் போன்னா மட்டும் இன்னொருத்தர அனுப்பி விடுதான். சரி, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல தம்பி, நீங்க புதுசு. காப்பி தர ஆள் இல்ல. வீட்டுக்காரி வெளிய போயிருக்கா, இப்ப வந்துருவா. அடுக்களையில எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட வேண்டிய அவசியமும் வந்ததில்ல.

நீங்க கேக்க வந்தது எனக்குத் தெரியும். நற்செய்திக் கூட்டத்துக்கு அந்த வெள்ளக்காரப் பிரசங்கி விட்மோர் மறுபடி வாரான். அவன் இங்கிலீஷத் தமிழ்ல சொல்ல ஆள் வேணும். நான் போதும்னு நின்னுக்கிட்ட பெறவு டை கட்டுன பையன் ஒருத்தனப் பிடிச்சியளே, அவன் சரிப்படல்ல. அப்படித்தான? எப்படிச் சரிப்படும்? பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொன்ன உடனே கைய நீட்டி நிறுத்துதானாமே. அவரு 'நான் ஊருக்குப் போனேன்'னா, இவன் 'நான் ஊருக்குப் போனேன்'. அவரு 'அங்க மழை'ன்னா, இவன் 'அங்க மழை'. பாயசத்த கரண்டி கரண்டியா ஊத்துத மாதிரி. அதுக்குப் பேரு மொழிபெயர்ப்பா? அதுக்கு ஒரு கிளி போதும். கிளியாவது பாக்க நல்லா இருக்கும்.

நான் பிரசங்கியார்கிட்ட முதல்லயே சொல்லிருவேன். 'ஐயா, எனக்காக நிறுத்தாதீங்க. உங்களுக்கு மூச்சு முட்டுனா நிறுத்துங்க.' பத்து வாக்கியம் போவும், பன்னெண்டு போவும். கையில காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. எல்லாத்தையும் தலைக்குள்ள பிடிச்சு வச்சுக்கிட்டு நிப்பேன். அவரு நிறுத்துன உடனே ஒரு பேரு விடாம, ஒரு ஊரு விடாம, எந்த எடத்துல அவரு குரல் தழுதழுத்துச்சோ அந்த எடத்துல நானும் தழுதழுத்து, அப்படியே தமிழா இறக்கி வைப்பேன். காலேஜ்ல இங்கிலீஷ் நடத்துன காலத்துல இருந்து இதுதான். நெல்லையில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் நான் நிக்காத மேடை இல்ல. ஜனங்க பிரசங்கியார் பேர மறந்துருவாவ, என் பேர மறக்க மாட்டாவ.

எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. லில்லிபுஷ்பம். பேரப் பாத்தியளா, பூ. கடைக்குப் போறவகிட்ட 'சீரகம், சீனி, தீப்பெட்டி'ன்னு சொல்லி விட்டா, சீரகமும் சீனியும் வரும். தீப்பெட்டி எங்கன்னா, 'அய்யோ'ம்பா. போன்ல யாராச்சும் ஒரு நம்பர் சொல்லி எங்கிட்டச் சொல்லச் சொன்னா, ரூம்ல இருந்து வராந்தாவுக்கு வாரதுக்குள்ள பாதி நம்பர் கீழ சிந்திரும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். 'ஒனக்கு வச்சது தலையா, ஓட்டப் பானையா?'ம்பேன். சிரிப்பா. ரோஷம் உள்ளவளா இருந்தா திருந்தியிருப்பா.

அப்படி இருக்கையில போன ஜனவரியில எங்க சபையில ஒரு பிள்ள, ஷெரின்னு பேரு, மனுச மூளையப் பத்தி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கா, வந்து கேட்டா. 'அங்கிள், உங்க ஞாபக சக்தியப் பத்தி எல்லாரும் சொல்லுதாங்க. உங்கள வச்சு ஒரு சோதனை செய்யட்டுமா?' செய்யட்டும்னேன். எனக்கு என்ன பயம்? லேப்டாப், காகிதம், ஒரு பலகை எல்லாம் தூக்கிட்டு வந்தா.

முதல்ல எண்ணு சொன்னா. திருப்பிச் சொன்னேன். தலைகீழா சொல்லச் சொன்னா. சொன்னேன். சொல்லுச் சொல்லா அடுக்குனா. 'குடை, ஆடு, கதவு'ன்னு போய்க்கிட்டே இருந்தா. ஒண்ணு விடல்ல நான். அந்தப் பிள்ளைக்கு முகமே மாறிட்டு. 'அங்கிள், இந்தத் தாள்ல இதுக்கு மேல இல்ல'ன்னுட்டா. 'இல்லன்னா நீ போயி எழுதிட்டு வா'ன்னேன்.

அதோட எந்திரிச்சிருக்கணும் நான். உக்காந்தது தப்பு. பலகைய எடுத்து முன்னால வச்சா. அதுல அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணா மரக்கட்டை ஒட்டியிருக்கு. விரலால இதத் தொடுதா, அதத் தொடுதா, அந்தால போயி இன்னொண்ணத் தொடுதா. 'இதே வரிசையில நீங்க தொடுங்க அங்கிள்.' இது என்ன எளவு? குரங்காட்டி குரங்குக்குச் சொல்லிக் குடுக்கது. மூணு கட்டை தொட்டேன். நாலாவது எதுன்னு பிடிபடல்ல. அதுக்கு ஒரு பேரு இருந்தாத்தான ஞாபகம் வப்பேன்? எல்லாம் ஒரே மாதிரிக் கட்டை. பேரில்லாத ஒண்ண மனுசன் எப்படிப் பிடிச்சு வப்பான்?

காப்பி கொண்டு வந்த லில்லி பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா. 'நான் செய்யட்டுமா?'ன்னு கேட்டா. பாருங்க, கேக்கா! ஷெரின் உக்கார வச்சிட்டா. தம்பி, மீன் குழம்பப் பத்திப் பேசிக்கிட்டே தொடுதா இவ. டக்கு டக்கு டக்கு. தலைகீழாவும் தொடுதா. அந்தப் பிள்ள வரிசைய மாத்தி மாத்திப் பாக்கா, இவ விடல்ல. சொல்லு அடுக்குனப்ப நாலாவதுலயே விழுந்துட்டா, அது வேற விஷயம். அத யாரும் பெருசா எடுக்கல்ல.

பெறவு ஷெரின் ஒரு விளக்கம் சொன்னா. மூளைக்குள்ள இந்த நிமிசத்துக்குன்னு பிடிச்சு வைக்குத எடம் ஒண்ணு மட்டும் இல்லயாம். சொல்லுக்கு ஒரு அறை, காட்சிக்கு ஒரு அறையாம். சொல்லப் பிடிச்சு வைக்குதவன் உள்ளுக்குள்ள அத முணுமுணுத்துக்கிட்டே இருப்பானாம். எடத்தப் பிடிச்சு வைக்குதவ உள்கண்ணால பாத்துக்கிட்டே இருப்பாளாம். ஒரு அறையில தட்டுமுட்டுச் சத்தம் கேட்டா அடுத்த அறைக்கு அது அவ்வளவா கேக்காதாம். அதுக்கு ஒரு வித்தை காட்டுனா. என்னய 'லா லா லா'ன்னு சொல்லிக்கிட்டே அந்தச் சொல்லுகள ஞாபகம் வைக்கச் சொன்னா. எல்லாம் போச்சு. நாக்க வேற வேலைக்கு அனுப்பிட்டா போகாம என்ன செய்யும்? லில்லி 'லா லா லா' சொல்லிக்கிட்டே கட்டையத் தொட்டா, ஒண்ணும் ஆகல்ல. ஆனா விரலால மேசையோட நாலு மூலையையும் மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டே கட்டையப் பாக்கச் சொன்னதும் விழுந்துட்டா. நான் அத நல்லாக் கவனிச்சேன்.

ஷெரின் எந்திரிக்கும்போது இவ கேக்கா, மெதுவா, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு: 'அப்பம் நான் மண்டு இல்லியோ?'

அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சோ தெரியல்ல. அன்னையில இருந்து இவ அடுக்களையில பாட்டு. மரக்கட்டையத் தொட்டதுக்குப் பாட்டு!

இப்ப உங்க கூட்டத்துக்கு வாரேன். ஏப்ரல்ல நடந்தது. நீங்க அப்பம் கமிட்டியில இல்ல, அதனால முதல்ல இருந்து சொல்லுதேன். ஜெபசிங் வேற மாதிரிச் சொல்லியிருப்பான், அத நம்பாதீங்க.

கார நான்தான் ஓட்டுவேன், லில்லி பக்கத்துல உக்காந்து வருவா. எல்லாக் கூட்டத்துக்கும் வருவா. நாலு ஊரு பாக்கலாம், கோழிக் குழம்போட சாப்பாடு போடுவாவ. வேற எதுக்கு வரப் போறா? வழி முழுக்க வாய் மூடாது. 'இந்தக் கோயிலத் தாண்டி இடது, ரைஸ் மில் வந்ததும் வலது'ன்னு சொல்லிக்கிட்டே வருவா. நான் கேட்டனா? கேக்கல்ல. என் கவனத்தக் கெடுக்கதுக்குன்னே சொல்லுவா.

மைதானத்துல மூணாவது வரிசை, நடுப்பாதைய ஒட்டுன நாற்காலி. அதுதான் அவ எடம். கல்யாணம் ஆன புதுசுல நான் போட்ட ஏற்பாடு. கூட்டம் முடிஞ்சதும் அவளத் தேடிக்கிட்டு அலைய முடியாது, அதான் ஒரே எடத்துல உக்காருன்னு சொல்லி வச்சேன். மேடையில நிக்கவனுக்கும் கண்ணு எங்கயாச்சும் போய் நிக்கணும்லா? ஜெபசிங் மூஞ்சியப் பாத்துக்கிட்டா நிப்பேன்? அவளப் பாத்து நிப்பேன். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. பிரசங்கியார் பேசும்போது சும்மா உக்காந்திருப்பா. நான் வாயத் தொறந்ததும் முன்னால சாஞ்சு, வாயப் பொளந்துக்கிட்டு, தலைய ஆட்டி ஆட்டிக் கேப்பா. யாரோ ஊருல இருந்து சேதி கொண்டு வந்த மாதிரி. அவளுக்குப் புரியுத மாதிரிச் சொல்லிட்டா மைதானத்துல மத்த எவனுக்கும் புரிஞ்சுரும்லா? அதான் கணக்கு. ஒரு அளவுகோல் மாதிரி வச்சிருந்தேன்.

அன்னைக்குப் பச்சைச் சேல கட்டியிருந்தா. கையில ஓலை விசிறி. விட்மோர் நல்ல வேகத்துல இருந்தான். அவன் சின்ன வயசுல பனியில சிக்குன ஒரு ராத்திரியப் பத்திச் சொல்லுதான். குதிரை வருது, அவன் அம்மா வாரா, பக்கத்து வீட்டுக்காரன் வாரான், நிறுத்த மாட்டேங்கான். நானும் விடல்ல. ஒவ்வொண்ணா வாங்கி வாங்கி உள்ள வைக்கேன். அந்த மாதிரி நீளம் நான் அதுக்கு முன்னால பிடிச்சதில்ல. நிச்சயமாச் சொல்லுதேன், நம்ம நாட்டுலயே எவனும் பிடிச்சிருக்க மாட்டான். முழுக்கதை என்னன்னு இப்பக் கேட்டியன்னா எனக்குத் தெரியாது. இறக்கி வைக்க வரைக்கும்தான் பிடிச்சு வைக்கது. அன்னைக்கு இறக்கவே இல்ல, அது தனி.

அவன் நிறுத்துனான். என்னப் பாத்தான். நான் மைக்கக் கிட்ட இழுத்தேன். வாயத் தொறக்கேன், லில்லி எந்திரிச்சா.

எந்திரிச்சு நடுப்பாதையில போறா. என்னத் திரும்பிக்கூடப் பாக்கல்ல. விசிறிய நாற்காலியில போட்டுட்டு, பந்தலுக்குப் பக்கவாட்டுல இருட்டுக்குள்ள போறா. ஓடல்ல, வேகமா நடக்கா. எங்க போறா இவ? மூணாவது வரிசையில நீலக் கலர் பிளாஸ்டிக் நாற்காலி. அதப் பாத்தேன். அதுல விசிறி. தலைக்குள்ள கைய விட்டேன், ஒண்ணும் இல்ல தம்பி. குதிரையும் இல்ல, அம்மாவும் இல்ல.

அவ்வளவு ஜனம். எவ்வளவு நேரமோ என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கு. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேக்கு.

'தேவன் நல்லவர்'னு சொன்னேன்.

ஜனங்க 'ஆமென்'னாவ. விட்மோர் என்னய ஒரு பார்வை பாத்தான். இவ்வளவு நேரம் மூச்சப் பிடிச்சுச் சொன்னது ரெண்டே வார்த்தைதானான்னு அவனுக்கு. அந்த நேரம் பக்கவாட்டுல ஒரே சத்தம். லில்லி ஒரு சின்னப் பெண்பிள்ளையத் தூக்கிட்டு வெளிச்சத்துக்கு வாரா. பிள்ள முழுக்க நனைஞ்சிருக்கு, இவளுக்கு இடுப்பு வரைக்கும் ஈரம். அந்தப் பிள்ளையோட அம்மா ஓடி வந்து இவ கால்ல விழுதா. மைதானம் முழுக்க எந்திரிச்சுக் கைதட்டுது, அழுவுது. விட்மோர் தன் கதைக்குத்தான் கைதட்டுதாவன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். மடையன்.

பந்தலுக்குப் பின்னால வாய்க்கால். அன்னைக்குத் தண்ணி விட்டிருந்தாவ. அது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. பிள்ள பொழச்சது நல்லதுதான். நான் என்ன கல்லா? ஆனா அன்னைக்குச் சாப்பாட்டுப் பந்தியில பேச்சு முழுக்க லில்லியம்மா, லில்லியம்மா. எனக்கு என்ன ஆச்சுன்னு ஒரு மனுசன் கேக்கல்ல. ஜெபசிங் மட்டும் வந்து காதுல, 'சார், அந்த எடத்துல கொஞ்சம் சுருக்கிட்டியளோ?'ன்னான். எல்லாத்தையும் கவனிச்சுட்டு, தெரியாத மாதிரிக் கேக்கான். அவன் புத்தி.

வீட்டுக்கு வரும்போது கார்ல கேட்டேன். 'பிள்ளையக் காணோம்னு மைக்ல கூட யாரும் சொல்லல்ல. ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?'

'அந்தப் பிள்ள சாயந்தரமே ரெண்டு தடவ ஜெனரேட்டருக்குப் பின்னால, வாய்க்கால் பக்கம் ஓடிச்சு. ரெண்டு தடவையும் அவ அம்மா தூக்கிட்டு வந்தா. பெறவு பாத்தா, அம்மா மட்டும் வாய்ல கைய வச்சுக்கிட்டு எதிர்ப்பக்கமா ஓடுதா, இடுப்புல பிள்ள இல்ல. வேற எங்க போயிருக்கும்?'

'அவ்வளவு ஜனத்துல நீ அத மட்டும் பாத்துக்கிட்டா இருந்த?'

'எல்லாரையும்தான் பாத்தேன். யாரு யாரு எங்க இருக்காங்கன்னு கண்ணுல இருக்கும்லா.'

பிரசங்கம் கேக்க வந்தவளுக்கு இதுதான் வேல! நான் கேட்டேன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அது தப்பா நீங்களே சொல்லுங்க: 'நான் சொல்லி முடிக்க வரைக்கும் ஒனக்குப் பொறுக்க முடியல்லியா?'

ரைஸ் மில் வந்துது, எந்தப் பக்கம்னு அவ சொல்லல்ல. நான் நேராப் போயிட்டேன். ரொம்ப தூரம் போன பெறவு, 'திருப்புங்க'ன்னா. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சேல மாத்திட்டு, 'இனிமே நீங்களே போயிட்டு வாங்க'ன்னா. சரின்னேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?

அடுத்த கூட்டத்துக்கு ஒத்தையில போனேன். போர்டு ஒழுங்கா வைக்காத ரோடு, தம்பி. எல்லா ரோட்டையும் மாத்தி மாத்திப் போட்டு வச்சிருக்கானுவ. எந்த ஊருக்கோ போயி, அங்கன ஒரு டீக்கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே வழி சொல்லி, நான் மேடை ஏறும்போது பாட்டெல்லாம் முடிஞ்சு ஜனம் உக்காந்திருக்கு. மூணாவது வரிசையில எவனோ ஒருத்தன் கொட்டாவி விடுதான். அவன் மூஞ்சியப் பாத்தா யாருக்கு என்ன நிக்கும்? நாலு வாக்கியத்துக்கு மேல பிடிக்கல்ல. தொண்ட கட்டியிருந்துது. அதுக்கடுத்த கூட்டத்துக்கு எங்க மச்சான் செல்லத்துரையக் கூட்டிட்டுப் போயி அந்த எடத்துல உக்கார வச்சேன். 'தலைய ஆட்டிக்கிட்டே இரும்'னு சொல்லியும் வச்சேன். ஆட்டுனாரு. ஓணான் மாதிரி ஆட்டுனாரு. நான் நடுவுல பிரசங்கியாருக்குக் கைய நீட்ட வேண்டியதாப் போச்சு. நான்! அன்னையோட நின்னுக்கிட்டேன். ஜெபசிங் என்ன நிறுத்தல்ல, நானா நின்னுக்கிட்டேன். அத நல்லாக் குறிச்சுக்கிடுங்க.

ஷெரினுக்குப் போன் போட்டேன். 'ஏம்மா, சொல்லுக்கு ஒரு அறை, காட்சிக்கு ஒரு அறைன்னியே. ஒரு பொம்பள எந்திரிச்சுப் போறது காட்சிதான? அதுக்கு ஏன் என் சொல்லு விழணும்? ஒன் ஆராய்ச்சியே தப்பு'ன்னு கேட்டேன். ரெண்டு அறைக்கும் ஒரு மேற்பார்வை உண்டு அங்கிள், கவனம் சிதறுனா எதுவும் விழும்னு இழுத்தா. எனக்கா கவனம் சிதறும்? பக்கத்துல வெடி வெடிச்சப்பக் கூட நான் ஒரு சொல்ல விட்டதில்ல. அதச் சொன்னேன். பெறவு கேக்கா, 'அங்கிள், மைக் முன்னால நிக்கும்போது நீங்க யாருக்குச் சொல்லுவீங்க?'

'ஜனங்களுக்கு. வேற யாருக்கு?'

'சரி அங்கிள்'னா. அவ்வளவுதான். ஒரு விளக்கம் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்குப் பட்டம் குடுக்கப் போறானுவ!

இப்ப இவ வீட்டுலயே இருக்கதில்ல. வேலைக்குப் போற பொம்பளைங்க சபை வளாகத்துல பிள்ளைகள விட்டுட்டுப் போறாவ. அதுகளப் பாத்துக்கிட இவளக் கூப்பிட்டிருக்காவ. வாய்க்கால் கதையக் கேட்டுட்டு வந்து கூப்பிட்டாவ. காலையில போனா சாயந்தரம்தான் வருவா. அத்தனை பிள்ளையும் எங்க எங்க தவழுதுன்னு திரும்பாமலே சொல்லுதாளாம். அங்கன இவளுக்குப் பெரிய மதிப்பு. ராத்திரி சாப்பிடும்போது பிள்ளைகளப் பத்திச் சொல்லுவா, நான் பேப்பர் படிப்பேன். முன்னாலல்லாம் நான் சொல்லுவேன், அவ கேப்பா. இப்பச் சொல்லதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? கூட்டம் இல்ல, ஒண்ணும் இல்ல.

சரி. வருவனா மாட்டனான்னு கேக்கிய. வாரேன். ஆனா ஒரு நிபந்தனை. லில்லி வரணும். சிரிக்காதீங்க. எனக்காக இல்ல. ஜனங்க பிரியப்படுவாவ, பிள்ளையக் காப்பாத்துனவ வரலியான்னு கேப்பாவ. கூட்டத்துக்கு நல்லது. மூணாவது வரிசையில நாற்காலி போட்டா போதும், விசேஷமா ஒண்ணும் வேண்டாம். இந்தத் தடவ பந்தலுக்குப் பின்னால வேலி கட்டச் சொல்லிருங்க, நல்ல உயரமா, ஒரு பிள்ளையும் தாண்ட முடியாத மாதிரி. செலவப் பாக்க வேண்டாம்னு ஜெபசிங்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

நானா? நான் கேக்க மாட்டேன். நான் கேட்டு அவ மாட்டேன்னு சொல்லிட்டா பெறவு நான் இந்த வீட்டுல எப்படி நடமாடுவேன்? நீங்க கேளுங்க. நான் கேக்கச் சொன்னதா ஒரு சொல்லு வரக்கூடாது. கமிட்டி கேக்குன்னு சொல்லுங்க. 'அம்மா, நீங்க வந்து உக்காரணும்'னு மரியாதையாக் கேளுங்க. அவகிட்ட நீளமாப் பேசாதீங்க, பாதிய விட்டுருவா. ரெண்டே வார்த்தையில கேளுங்க.

கேட் சத்தம் கேக்குதா? அவதான். நான் உள்ள போறேன். எந்திரிச்சு நில்லுங்க, தம்பி, எந்திரிங்க. அவ என்ன பதில் சொன்னாலும், எவ்வளவு நீளமாச் சொன்னாலும், ஒரு வார்த்தை விடாமப் பிடிச்சு வச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து சொல்லணும். கேட்டியளா?